பணியில் எத்தனை பேர்? அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பாதுகாப்பும் தரமும், 1935–2025

1963 நவம்பர் 23 அன்று பொழுது விடிவதற்குள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஃபிட்ச்வில் என்ற சிற்றூரில் இருந்த கோல்டன் ஏஜ் முதியோர் பராமரிப்பு இல்லம் எரிந்து போனது. முன்பு பொம்மைத் தொழிற்சாலையாக இருந்த ஒற்றைத்தளக் கட்டடம் அது. உள்ளே இருந்த 84 முதியவர்களில் 63 பேர் இறந்தார்கள். முந்தைய நாள்தான் டாலஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். நாடே அந்தத் துக்கத்தில் இருந்ததால் ஃபிட்ச்வில் சாவுகள் பலருடைய காதுக்கு எட்டாமலே போயின. தீக்குக் காரணம் மின்கம்பிப் பழுது. ஆனால் படுக்கையை விட்டு எழவே துணை வேண்டியவர்கள் நிறைந்த அந்த இல்லத்தில் அன்றிரவு பணியில் இருந்தவர்கள் மூன்றே பேர்.

அந்த மூன்று என்ற எண்ணைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் வேலை. 24 மணி நேரமும் செவிலியர் உதவி தேவைப்படும் முதியவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கும் இல்லங்களைப் பற்றியே இங்கு பேசப்படுகிறது. அமெரிக்காவில் இன்று ஏறத்தாழ 15,000 இல்லங்கள் இவ்வகையில் உள்ளன. 12 லட்சம் பேர் அவற்றில் வாழ்கிறார்கள். 90 ஆண்டுகளில் இந்த இல்லங்களுக்குச் சுவர் எப்படி இருக்க வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், பதிவேட்டில் எதை எழுத வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்துவிட்டன. ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் மனிதக் கை கிடைக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் ஒவ்வொரு முறையும் ஒத்திவைக்கப்பட்டது. அறியாமையால் அப்படி நடக்கவில்லை. இல்லவாசிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் செலவை ஏற்பது மெடிக்கெய்ட் என்ற அரசுத் திட்டம். விதி எழுதுபவரும் பணம் கொடுப்பவரும் ஒருவரே. ஆள் எண்ணிக்கையை அரசு எவ்வளவு உயர்த்தினாலும் அதன் பெரும்பங்கு அரசின் கணக்கிலேயே வந்து விழும்.

பணம் முந்தியது, விதி பிந்தியது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஆதரவற்ற அமெரிக்க முதியவர்களுக்கு மாவட்ட நிர்வாகங்கள் நடத்திய ஏழையர் விடுதிகளே கதி. அங்கே முதியவர்களும் மனநோயாளிகளும் அநாதைக் குழந்தைகளும் ஒரே கூரையின் கீழ்க் கிடந்தார்கள். அந்த அவமானத்துக்கு முடிவுகட்ட நினைத்தவர்கள் 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: அரசு விடுதிகளில் தங்கியிருப்பவர்களுக்கு முதியோர் உதவித்தொகை கிடையாது. நோக்கம் நல்லதுதான். கையில் பணம் வந்தால் முதியவர்கள் தங்கள் வீட்டிலேயே வாழ்வார்கள் என்று எண்ணினார்கள். பார்த்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று எண்ணவில்லை. உதவித்தொகையை வாங்கிக்கொண்டு இடமும் சோறும் தரத் தனியார் முன்வந்தார்கள். பழைய மாளிகைகளும் விடுதிகளும் இரவோடு இரவாக முதியோர் இல்லங்களாயின. அமெரிக்க முதியோர் இல்லத் தொழில் பெரிதும் தனியார் இலாபத் தொழிலாக உருவானதன் வேர் இங்கே இருக்கிறது.

இந்த இல்லங்களுக்கு மாநிலங்கள் ஏதேனும் ஒரு தர வரையறையை வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு கேட்டது 15 ஆண்டுகள் கழித்து, 1950-இல். எந்த வரையறை என்று சொல்லவில்லை. 1954-இல், மருத்துவமனைகள் கட்ட நிதி தந்துவந்த ஹில்–பர்ட்டன் சட்டம் முதியோர் இல்லங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அந்த நிதியோடு மருத்துவமனையின் தோற்றமும் சேர்ந்து வந்தது. நீண்ட தாழ்வாரம், நடுவில் செவிலியர் மேசை, இருபுறமும் இரட்டைப் படுக்கை அறைகள். மனிதர் பல ஆண்டுகள் வாழப்போகும் இடத்துக்கு, சில நாள் சிகிச்சைக்கு வருபவரின் வார்டு முன்மாதிரியானது. இன்றும் பல இல்லங்களில் அந்த அமைப்பு அப்படியே இருக்கிறது.

1965-இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரும், ஏழைகளுக்கான மெடிக்கெய்டும் பிறந்தன. மெடிக்கேர் நிர்ணயித்த தரத்தை எட்டுவதாக விண்ணப்பித்த ஏறத்தாழ 6,000 இல்லங்களில் முழுத் தகுதி பெற்றவை 740 மட்டுமே. சட்டம் வந்துவிட்டது, படுக்கை இல்லை என்ற நிலை. அப்போது அதிகாரிகள் கண்ட வழி, ‘பெருமளவு இணக்கம்’ என்று ஒரு தனி வகையை உருவாக்குவது. குறை இருக்கிறது, ஆனாலும் பணம் தரலாம் என்பது அதன் பொருள். தற்காலிக ஏற்பாடாகச் சொல்லப்பட்ட இந்தச் சமரசமே பிந்தைய ஆண்டுகளின் குணத்தைத் தீர்மானித்தது என்பது என் கணிப்பு. குறையுள்ள இல்லத்தை மூடினால் அங்கே இருப்பவர்களை எங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கு விடையில்லாதவரை, ஆய்வாளரின் கண்டனம் காகிதத்தில்தான் நிற்கும்.

தீ கற்பித்தது, ஐம்பது ஆண்டுகளில்

தீ விபத்துகளின் வரலாற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். தெரிந்த தீர்வு ஒன்று நடைமுறைக்கு வர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அது தேதிகளோடு காட்டுகிறது.

1957 பிப்ரவரி 17 அன்று மிசௌரி மாநிலத்தின் வாரன்டன் நகரில் ஓர் இல்லம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். ஆறு ஆண்டுகளில் ஃபிட்ச்வில். 1970 ஜனவரியில் ஒஹாயோவின் மேரியெட்டாவில் புதிதாகக் கட்டப்பட்ட, தீத்தாங்கும் கட்டடமான ஹார்மர் ஹவுஸ் இல்லத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே சுவர்கள் எரியவில்லை. தரைவிரிப்பு கக்கிய புகைதான் கொன்றது. கட்டடம் உறுதியாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கை அத்தோடு கலைந்தது. அதற்கு முன்பே, செனட்டர் ஃபிராங்க் மாஸ் முயற்சியில் 1967-இல் வந்த திருத்தங்கள், அரசுப் பணம் பெறும் இல்லங்கள் தேசியத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பைப் பின்பற்ற வேண்டும் என்றன. ஆனால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் அமைப்பைப் பழைய கட்டடங்கள் பலவும் செலவைக் காரணம் காட்டித் தவிர்த்துவந்தன.

2003-இல் ஒரே ஆண்டில் ஹார்ட்ஃபர்டிலும் நாஷ்வில்லிலும் இரண்டு இல்லங்கள் எரிந்தன. இரண்டு இடங்களிலும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. இரண்டிலும் சேர்த்து 30 பேரளவில் மாண்டார்கள். 2008-இல் மத்திய அரசு விதி வெளியிட்டது. 2013 ஆகஸ்ட் 13-க்குள் எல்லா இல்லங்களும் முழுமையாக ஸ்பிரிங்க்ளர் பொருத்த வேண்டும் என்று கெடு வைத்தது. ஃபிட்ச்வில்லுக்கும் அந்தக் கெடுவுக்கும் இடையில் ஐம்பது ஆண்டுகள். ஒரு தடவை செலவு செய்து கூரையில் பொருத்திவிடக்கூடிய குழாய்க்கே இவ்வளவு காலம் என்றால், ஒவ்வொரு நாளும் ஊதியம் கேட்கும் மனிதருக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது தனியே கேட்க வேண்டிய கேள்வி.

கட்டடத்திலிருந்து மனிதருக்கு

1970-இல் ஆர்கன்சா மாநிலத்து மக்களவை உறுப்பினர் டேவிட் பிரையர் ஒரு காரியம் செய்தார். வாஷிங்டன் சுற்றுவட்டாரத்து இல்லங்களில் தாம் யாரென்று சொல்லாமல் வார இறுதிகளில் தொண்டராக வேலை பார்த்தார். படுக்கை விரிப்பு மாற்றினார், சாப்பாடு ஊட்டினார், மணியடித்தும் யாரும் வராத அறைகளைக் கண்டார். திரும்பிவந்து, முதியோர் நலனுக்கென ஒரு மக்களவைக் குழு வேண்டும் என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் பங்க் இடத்தில் டிரெய்லர் வண்டியை நிறுத்தி, மாணவத் தொண்டர்களை வைத்துக்கொண்டு தாமே விசாரணையைத் தொடங்கினார். கேட்ட குழு 1974-இல்தான் அமைந்தது. முதியோர் இல்லச் சீர்திருத்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல் இது. அதுவரை கோப்புகளில் மட்டும் இருந்த இல்லத்தை, சட்டம் இயற்றுபவர் ஒருவர் படுக்கையருகே நின்று பார்த்தார்.

அந்தப் பத்தாண்டில் மாஸ் தலைமையிலான செனட் துணைக்குழு தொடர் அறிக்கைகள் வெளியிட்டது. நியூயார்க்கில் பெர்னார்ட் பெர்க்மன் என்ற இல்லத் தொழிலதிபரின் மெடிக்கெய்ட் மோசடி வெளியாகி, 1976-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1972-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய, இல்லவாசிகளின் குறைகேட்கும் அலுவலர் திட்டம் 1978-இல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமானது. இவற்றை எல்லாம் விட அடிப்படையான திருப்பம் கொலராடோவில் நிகழ்ந்தது.

1975-இல் அங்கே இல்லவாசிகள் சார்பில் ஒரு வழக்கு தொடுக்கப்பட்டது. அவர்கள் எழுப்பிய கேள்வி எளியது: அரசு ஆய்வாளர் எங்கள் இல்லத்துக்கு வந்து எதைப் பார்க்கிறார்? சமையலறை இருக்கிறதா, உணவியலாளரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா, கொள்கை ஏடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். அந்த உணவு எங்கள் வாய்க்குள் போகிறதா, ஒரே பக்கமாகக் கிடப்பவரைத் திருப்பிப் படுக்கவைக்கிறார்களா என்று பார்ப்பதில்லை. 1984-இல் பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஸ்மித் எதிர் ஹெக்லர் என்ற பெயரில் அறியப்படும் தீர்ப்பில், பணம் பெறும் இல்லங்கள் உண்மையிலேயே நல்ல பராமரிப்பைத் தருகின்றனவா என்று தெரிந்துகொள்வது மத்திய அரசின் கடமை என்றது. தரும் வசதி இருக்கிறதா என்பது வேறு, தந்தார்களா என்பது வேறு என்ற வேறுபாடு முதன்முறையாகச் சட்டத்தில் ஏறியது.

அதே காலத்தில் ரீகன் அரசு விதிகளைத் தளர்த்த முயன்று எதிர்ப்பைச் சந்தித்தது. தகராறைத் தீர்க்க மருத்துவக் கழகத்திடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. அதன் குழுத் தலைவர் சிட்னி காட்ஸ். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், உண்ணல் போன்ற அன்றாடச் செயல்களைக் கொண்டு முதியவரின் இயலுமையை அளக்கும் முறையை வகுத்த மருத்துவர் அவர். எல்மா ஹோல்டர் தொடங்கிய குடிமக்கள் கூட்டமைப்பு 1985-இல் 15 நகரங்களில் 400-க்கும் மேற்பட்ட இல்லவாசிகளை நேரில் கேட்டு அறிக்கை தந்தது. நல்ல பராமரிப்பு என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டபோது, அவர்கள் கட்டடத்தையோ கருவியையோ முதலில் சொல்லவில்லை. போதுமான ஊழியர்கள், அன்பாக நடத்தும் ஊழியர்கள் என்றார்கள். 1986-இல் காட்ஸ் குழுவின் அறிக்கை வந்தது. 1987 டிசம்பரில் அதை ஒட்டிய சீர்திருத்தச் சட்டம் நிறைவேறி, 1990 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

ஒவ்வோர் இல்லவாசியும் உடலாலும் மனதாலும் எட்டக்கூடிய மிக உயர்ந்த நிலையை எட்ட உதவ வேண்டும் என்றது அச்சட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியான மதிப்பீட்டுப் படிவம், தனித்தனிப் பராமரிப்புத் திட்டம், உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, கட்டிவைக்கப்படாமல் இருக்கும் உரிமை என்று பலவும் வந்தன. பணியாளர் விஷயத்தில் மட்டும் பேனா தயங்கியது. பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம், ஏதேனும் ஒரு நிலைச் செவிலியர் 24 மணி நேரமும். மற்றபடி ‘போதுமான’ பணியாளர்கள். 40 படுக்கை இல்லத்துக்கும் 300 படுக்கை இல்லத்துக்கும் ஒரே 8 மணி நேரம்.

கட்டு அவிழ்ந்த கதை

இச்சட்டத்தால் ஏதும் மாறவில்லை என்று சொல்வது அநியாயம். 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்க இல்லவாசிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஏதோ ஒரு நேரத்தில் நாற்காலியோடோ படுக்கையோடோ கட்டப்பட்டிருந்தார்கள். மார்பைச் சுற்றிய துணிச் சட்டை, அதன் நாடாக்கள் நாற்காலிக்குப் பின்னால் முடிச்சிடப்பட்டிருக்கும். எழுந்தால் விழுந்துவிடுவார், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும், முறிந்தால் குடும்பத்தார் வழக்குப் போடுவார்கள் என்பது காரணம். கட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர். பத்துப் பேரை ஒருவர் பார்த்துக்கொள்ளும்போது முடிச்சு என்பது இன்னொரு ஊழியரின் இடத்தை நிரப்பியது.

கட்டப்பட்டவர் நாற்காலியில் மெல்லச் சரிவார். சரியச் சரிய மார்பில் இருந்த நாடா கழுத்துக்கு ஏறும். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1992-இல் இத்தகைய சாவுகளைப் பற்றியே எச்சரிக்கை வெளியிட்டது. உயிர் போகாதவர்களுக்கும் கால் தசை வற்றும், கழிப்பறைக்குப் போக முடியாமல் இருந்த இடத்திலேயே நனையும், ஈரத்தில் படுக்கைப்புண் வரும். அதே 1992-இல் மேரி டினெட்டி குழுவினர் வெளியிட்ட ஆய்வு அடித்தளத்தையே அசைத்தது. கட்டப்படாத 275 பேரில் 5 விழுக்காட்டினருக்கும், கட்டப்பட்ட 122 பேரில் 17 விழுக்காட்டினருக்கும் விழுந்து கடும் காயம் ஏற்பட்டிருந்தது. விழாமல் காக்கக் கட்டுகிறோம் என்ற வாதம் அங்கே நிலைகுலைந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட நிலையில் தீக்கு இரையான 28 பேரை மறக்காத தமிழ் வாசகருக்குக் கட்டிவைப்பதன் ஆபத்தைக் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை.

மாற்று வழியைக் காட்டியவர்கள் சிலர். சமூகப் பணியாளர் கார்ட்டர் வில்லியம்ஸ், ஸ்வீடன் இல்லங்களில் முதியவர்களைக் கட்டாமலே பார்த்துக்கொள்வதைக் கண்டுவந்து எழுதினார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் லோயிஸ் எவன்ஸ், நெவில் ஸ்ட்ரம்ஃப் இருவரும் ஆய்வுகளைத் திரட்டினார்கள். கெண்டல் என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் முதியவர்களின் கட்டை அவிழ்க்கும் இயக்கத்தை நடத்தியது. அவர்கள் கற்பித்த முறை ஒரு கேள்வியில் தொடங்குவது: இவர் ஏன் எழுந்திருக்கப் பார்க்கிறார்? சிறுநீர் முட்டுகிறதா, இடுப்பு வலிக்கிறதா, பசிக்கிறதா, நாற்காலி உயரம் பொருந்தவில்லையா? காரணம் தெரிந்தால் கழிப்பறைக்கு அழைத்துப்போகும் நேரத்தை மாற்றலாம், கட்டிலைத் தாழ்த்தலாம், நாற்காலியை மாற்றலாம். சட்டமும் ஆராய்ச்சியும் ஆய்வாளரின் பார்வையும் ஒரே திசையில் இருந்ததால் 2010-களின் நடுவில் கட்டப்பட்டோர் விகிதம் 1 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. இந்தத் துறையின் மிகப் பெரிய வெற்றி இதுவே.

ஆனால் நாடா போன இடத்தில் மாத்திரை வந்தது. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று 2005-இல் அதிகாரபூர்வ எச்சரிக்கை வந்த பின்னும், 2011 இறுதியில் நீண்டகால இல்லவாசிகளில் 23.9 விழுக்காட்டினர் அவற்றை உட்கொண்டார்கள். 2012-இல் தொடங்கிய தேசிய முயற்சி அதை 15 விழுக்காட்டருகே கொண்டுவந்தது. மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். எனவே சில இல்லங்களில் 80 வயதுக்காரர்களுக்குப் புதிதாக மனச்சிதைவு நோய் என்று எழுதப்பட்டது. 2023-இல் மத்திய அரசு அந்தப் பதிவுகளைத் தணிக்கை செய்யத் தொடங்கியது.

மணிக்கணக்கு

பணியாளர் கேள்விக்கு அறிவியல் விடை 2001-லேயே கிடைத்துவிட்டது. நாடாளுமன்றம் கேட்டதற்கிணங்க மெடிக்கேர் நிர்வாகம் சமர்ப்பித்த ஆய்வு, நீண்டகால இல்லவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேரப் பராமரிப்பு தேவை என்றது. அதில் 2.8 மணி உதவியாளருடையது, 1.3 மணி செவிலியருடையது. புரட்டிப் படுக்கவைத்தல், ஈரத்துணி மாற்றல், கழிப்பறைக்கு அழைத்துச்செல்லல், ஊட்டிவிடுதல், நடக்கவைத்தல், குளிப்பாட்டி உடுத்திவிடுதல் என ஒவ்வொன்றும் எடுக்கும் நேரத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. நேரம் குறைந்தால் எது விடுபடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அவசரமாகத் தெரியாதது விடுபடும். ஒரே பக்கமாகக் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறை திருப்பாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பிட்டத்தின் மேல் தோல் சிவக்கும், அவ்வளவுதான். சில வாரங்களில் எலும்பு தெரியும். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட இல்லங்கள் அந்த அளவுகோல்களில் ஏதேனும் ஒன்றையாவது எட்டவில்லை என்று அதே ஆய்வு கண்டது. அறிக்கையை ஏற்று விதி செய்ய அரசு முன்வரவில்லை.

விதிக்குப் பதில் தகவல் வந்தது. 2008 டிசம்பரில் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரும் முறை தொடங்கியது. பணியாளர் எண்ணிக்கையை இல்லங்களே எழுதிக்கொடுத்தன. சரிபார்க்க வழியில்லை. 2014-இல் நியூயார்க் டைம்ஸ் இந்த ஓட்டையை வெளிக்கொணர்ந்தது. 2010-ஆம் ஆண்டு சுகாதாரச் சட்டத்தின்படி, 2016 ஜூலை முதல் சம்பளப் பதிவேட்டின் அடிப்படையில் நாள்வாரியாகக் கணக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஏடு திறந்ததும் வார இறுதிகளில் ஆள் வெகுவாகக் குறையும் இல்லங்களும், பதிவுபெற்ற செவிலியரே இல்லாத நாட்களும் தெரிந்தன. 2018-இல் ஏறத்தாழ 1,400 இல்லங்களின் பணியாளர் மதிப்பீடு ஒரு நட்சத்திரத்துக்கு இறக்கப்பட்டது. செவிலியரும் உதவியாளரும் ஓராண்டில் விலகிச்செல்லும் விகிதம் சராசரியாக 128 விழுக்காடு என்று அதே பதிவேட்டை ஆராய்ந்த 2021-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஓராண்டில் விலகிச்செல்வோரின் எண்ணிக்கை பணியிடங்களின் எண்ணிக்கையையே மிஞ்சுகிறது. யாருக்கு எந்தத் தோளில் வலி, யார் தண்ணீர் கேட்கமாட்டார் என்பது எந்தப் படிவத்திலும் ஏறாத அறிவு. அது ஊழியரோடு போய்விடுகிறது.

2020 பிப்ரவரி இறுதியில் வாஷிங்டன் மாநிலத்தின் கர்க்லண்ட் நகர இல்லம் ஒன்றிலிருந்து கொரோனாச் சாவுகள் வெளியே தெரியத் தொடங்கின. இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவின் எல்லா வகை நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களிலும் சேர்த்து, அங்கே வாழ்ந்தவர்களும் ஊழியர்களுமாக 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2013 முதல் 2017 வரை ஆய்வு செய்யப்பட்ட இல்லங்களில் 82 விழுக்காடு தொற்றுத் தடுப்பில் ஒரு முறையாவது குறை காணப்பட்டவை என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் பின்னர் எடுத்துச்சொன்னது. அவற்றில் மிகப் பலவும் சிறு குறைகளாகவே வகைப்படுத்தப்பட்டு, தண்டனையின்றி விடப்பட்டிருந்தன. கைகழுவத் தவறுவதைச் சிறு குறை என்று எழுதிய பேனாவை நான் மன்னிக்கத் தயாரில்லை.

இத்தனைக்கும் பிறகுதான் 2024-இல் முதன்முறையாக மத்திய அரசு எண்ணைச் சொன்னது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 3.48 மணி நேரம், பதிவுபெற்ற செவிலியர் 24 மணி நேரமும். 2001-இல் சொன்ன 4.1-ஐ விடக் குறைவு. அதற்கும் இல்லத் தொழில் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. கிராமப்புறங்களில் செவிலியர் கிடைப்பதில்லை, மெடிக்கெய்ட் தரும் தொகை கட்டுப்படியாகவில்லை என்ற அவர்கள் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மறுபக்கம் தனியார் முதலீட்டு நிறுவனங்கள் இந்த இல்லங்களை ஆர்வத்தோடு வாங்கிக்கொண்டும் இருந்தன. அப்படி வாங்கப்பட்ட இல்லங்களில் குறுகிய கால நோயாளிகளின் இறப்பு கூடியதாக 2021-இல் பொருளியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2025 ஏப்ரலில் டெக்சாஸ் மத்திய நீதிமன்றம் அந்த விதியின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென்றது. நாடாளுமன்றம் 1987-இல் 8 மணி நேரம் என்று எழுதியிருக்க, நிர்வாகம் 24 என்று மாற்ற அதிகாரமில்லை என்பது அதன் சாரம். சீர்திருத்தச் சட்டத்தின் தயக்கம் 38 ஆண்டுகள் கழித்துத் தடையாக வந்து நின்றது. ஜூலையில் நிறைவேறிய பட்ஜெட் சட்டம், அந்த விதியைச் செயல்படுத்துவதையே 2034 செப்டம்பர் 30 வரை நிறுத்திவைத்தது.

இல்லவாசிகளுக்கு இப்போது கையில் இருப்பவை இரண்டு. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் இந்தியானா மாநில வழக்கொன்றில், 1987 சட்டம் தந்த உரிமைகள் மீறப்பட்டால் அரசு நடத்தும் இல்லங்களின் மீது அவர்களே நேரடியாக மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்று 7–2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மறதிநோய் கொண்ட கணவருக்கு மருந்துகளைத் திணித்து மந்தமாக்கினார்கள் என்று ஒரு குடும்பம் தொடுத்த வழக்கு அது. இன்னொன்று அந்தச் சம்பளப் பதிவேடு. எந்த இல்லத்தில், எந்த ஞாயிற்றுக்கிழமையில், எத்தனை உதவியாளர்கள் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்பது காலாண்டுதோறும் பொதுவில் வெளியாகிறது. தாயைச் சேர்க்கப் போகும் மகள் அதைப் படித்துவிட்டு இல்லத்துக்குள் நுழையலாம்.